டாக்டரின் டிராயரில் மிஞ்சிய பாதரசம்

கேள்வி: என் கணவர் மாட்டுங்காவில் நாற்பது வருடம்போல் கிளினிக் நடத்தினார். போன வருடம் தவறிவிட்டார். வாடகை இடம், மாதக் கடைசியில் காலி செய்ய வேண்டும். அடுத்து அங்கே டியூஷன் சென்டர் வரப்போகிறதாம். சாமான் ஒதுக்கும்போது பாதரச பி.பி. மெஷின் ஐந்தும், இருபது தெர்மாமீட்டரும் (இரண்டு உடைந்தவை), மெஷினில் ஊற்றிக்கொள்ள அவர் வாங்கி வைத்த பாதரசம் ஒரு சின்னக் கண்ணாடிப் பாட்டிலிலும் கிடைத்தன. ஒரு மெஷின் பெட்டிக்குள் வெள்ளி மணியாக உருண்டுகொண்டிருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன், மோதிரம் வெளுத்துவிட்டது. வேலைக்கு வரும் பெண் அதைத் துணியால் துடைத்து, கிளினிக் வாஷ்பேசினில் அலசிவிட்டாள். பாட்டிலையும் தெர்மாமீட்டர்களையும் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். மிச்சத்தை மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்கிறான் பழைய சாமான் வாங்கும் பங்கார்வாலா. கொழுந்தனார், மெஷின்களைத் திருநெல்வேலிப் பக்கம் ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்கும் பாட்டிலை ரசலிங்கம் (பாதரசத்தால் ஆன சிவலிங்கம்) செய்கிறவருக்கும் கொடுக்கலாம் என்கிறார். பேரக்குழந்தைகள் லீவுக்கு வருகிறார்கள். என்ன செய்வது? அவருடைய முதல் பி.பி. மெஷினை ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாமா?
— செம்பூர் வாசகி

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் பங்கார்வாலாவுக்கு 'இல்லை' என்று சொல்லிவிடுங்கள். மற்றதை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம், நேரம் இருக்கிறது. உடையாத தெர்மாமீட்டரும் கசியாத மெஷினும் தானாக யாரையும் ஒன்றும் செய்வதில்லை. அத்தனை வருடம் அலமாரியில் இருந்தவை இன்னும் சில வாரம் இருந்தால் குடி முழுகிவிடாது. மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் பாதரசக் கசிவைப் பார்க்கப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதில் கெடுதல் பெரும்பாலும் பயன்படுத்தும்போது வருவதில்லை. இடத்தைக் காலி செய்யும் அவசரத்தில்தான் வருகிறது. வீட்டுக்காரரிடம் இரண்டு வாரம் கூடுதலாகக் கேளுங்கள். காரணத்தையும் சொல்லியே கேளுங்கள். கொடுக்க மனமில்லாவிட்டாலும் கொடுப்பார்.

பங்கார்வாலாவை ஏன் வேண்டாம் என்கிறேன்? அவரிடம் நேர்மை இல்லை என்பதால் அல்ல. அவருக்கு வேண்டியது மெஷினின் இரும்புப் பெட்டியும் பித்தளைத் திருகும் ரப்பர்க் குழாயும். அவற்றைப் பிரிக்க யாரோ ஒரு பையன் தாராவியிலோ குர்லாவிலோ ஒரு மாடி அறையில் உட்கார்ந்து கண்ணாடிக் குழாயைத் தட்டி உடைப்பான். பாதரசம் தரையில் ஓடும், அல்லது ஒரு டப்பாவில் சேரும், அதற்கும் வாங்குகிற ஆள் இருக்கிறார். அந்த அறையிலேயே சமையல், அந்த அறையிலேயே தூக்கம். கொடைக்கானல் விவகாரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அங்கேயும் விஷயம் வெளியே வந்தது தெர்மாமீட்டர் செய்த தொழிற்சாலைக்குள்ளிருந்து அல்ல. 2001-ல் ஊருக்குள் மூஞ்சிக்கல் பக்கத்தில் ஒரு பழைய சாமான் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த தெர்மாமீட்டர்க் கண்ணாடி டன் கணக்கில் கிடந்ததைப் பார்த்துத்தான் ஜனங்கள் கேள்வி கேட்டார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அதோடு ஒப்பிட்டால் உங்களிடம் இருப்பது கொசுறு. ஆனாலும் அது போகிற வழி அதே வழி.

உங்களிடம் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எதற்கு முதலில் கவலைப்படுவது என்பது அதில் தெரிந்துவிடும். ஒரு தெர்மாமீட்டரில் ஏறக்குறைய 1 கிராம் பாதரசம். இருபதுக்கு 20 கிராம். மேஜை மேல் வைக்கும் பி.பி. மெஷின் ஒன்றில் 80 முதல் 100 கிராம் வரை. ஐந்துக்கு அரைக் கிலோ என்று வையுங்கள். பாட்டிலின் அளவை நீங்கள் எழுதவில்லை. 50 மில்லி பிடிக்கிற பாட்டில் நிறைய இருந்தால், பாதரசம் தண்ணீரைப்போல் பதின்மூன்றரை மடங்கு கனம் என்பதால், அது மட்டுமே 675 கிராம். அதாவது மெஷின் அத்தனையையும் தெர்மாமீட்டர் அத்தனையையும் சேர்த்தாலும் அந்தச் சின்னப் பாட்டிலுக்கு ஈடாகாது. நீங்கள் பயந்தது மெஷினைப் பார்த்து, கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தது பாட்டிலை!

இன்றைக்கே பாட்டிலுக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். திறக்காதீர்கள், வேறு பாத்திரத்துக்கு மாற்றாதீர்கள். மூடி ரப்பர்க் கார்க்காக இருந்து வெடித்திருந்தால், அதன் மேலேயே பிளாஸ்டிக் தாளைப் போட்டு இறுக்கி டேப் சுற்றுங்கள். அகல வாய் உள்ள கெட்டியான பிளாஸ்டிக் ஜாடி ஒன்றில் செய்தித்தாளைக் கசக்கி நாலு பக்கமும் அடைத்து, பாட்டிலை நிற்க வைத்து ஜாடியை மூடுங்கள். அந்த ஜாடியை ஒரு பிளாஸ்டிக் டப்புக்குள் வையுங்கள். கண்ணாடி உடைந்தாலும் டப்போடு நிற்கும். எவர்சில்வர் டப்பா கெட்டி என்று தோன்றும், அதுகூடப் பரவாயில்லை. அலுமினியம், பித்தளை, வெள்ளி மட்டும் கூடவே கூடாது, பாதரசம் அவற்றைத் தின்றுவிடும். வியாபாரத்தில் இதை இரும்புக் குடுவையில், குடுவைக்கு 34.5 கிலோ என்று அடைத்து விற்றது இரும்பை அது ஒன்றும் செய்யாது என்பதால்தான். டப்பை வைக்க ஏற்ற இடம் வெயில் படாத, பூட்டிக்கொள்ளக்கூடிய பால்கனி அலமாரி. சமையலறையும் படுக்கையறையும் பூஜையறையும் வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைத்தால் ஆவியாகாதே என்று ஒருவர் கேட்டார், சாப்பாட்டுச் சாமான் இருக்கிற இடத்தில் இதற்கு என்ன வேலை?

உடையாத தெர்மாமீட்டர்களை அவற்றின் உறையோடு, நடுவில் பஞ்சு வைத்து, மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடுக்குங்கள். உடைந்த இரண்டையும் தனியாக, அகல வாய் ஜாடியில் போட்டு மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு மூடுங்கள். மேலே தண்ணீர் நின்றால் ஆவி வெகுவாகக் குறையும். அவை கிடந்த டிராயரை அப்புறம் பார்ப்போம்.

ஆவி, ஆவி என்கிறேனே, அதை விளக்கிவிடுகிறேன். பாதரசத்தைப் பற்றி நம் வீடுகளில் உள்ள பயம் வாய் வழியாகத்தான்: குழந்தை தெர்மாமீட்டரைக் கடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று. உண்மை கிட்டத்தட்ட தலைகீழ். உலோகப் பாதரசத்தை விழுங்கினால் குடலில் உறிஞ்சப்படுவது பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, மலத்தோடு போய்விடும். அங்கே கவலை கண்ணாடித் துண்டைப் பற்றித்தான், அதற்கு டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சில் போகிற ஆவி அப்படியல்ல. உள்ளே போவதில் சுமார் 80 சதவீதம் நுரையீரல் வழியாக ரத்தத்தில் ஏறி, மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போய்ச் சேருகிறது. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கொதிக்க வைக்கவும் வேண்டாம், நம் மும்பைச் சூடே தாராளம். 25 டிகிரியில், மூடிய அறையில் பாதரசம் திறந்து கிடந்து காற்று அதனால் நிறைந்துவிட்டால், ஒரு கன மீட்டரில் 20 மில்லிகிராம் வரை இருக்கும். தொழிலாளி எட்டு மணி நேரம் இருந்து வேலை செய்யலாம் என்று அமெரிக்க வல்லுநர்கள் வைத்திருக்கிற வரம்பு 0.025 மில்லிகிராம். அதைப்போல் எண்ணூறு மடங்கு! ஜன்னல் திறந்த அறையில் அவ்வளவு சேராது. ஆனால் ஏ.சி. போட்டு அடைத்த அறையில், தரை மட்டத்தில் தவழ்கிற குழந்தைக்கு நம்மைவிட அதிகமாகவே கிடைக்கும், கனமான அந்த மணிகள் கிடப்பது தரையில்தானே.

ஆகவே பேரக்குழந்தைகளைப் பற்றி: பாட்டிலும் ஜாடிகளும் நான் சொன்னபடி அடைபட்டிருந்தால் அவர்கள் தாராளமாக வரலாம். கிளினிக் பக்கம் மட்டும் கூட்டிப்போகாதீர்கள். கொண்டுவந்த கைப்பையை வெயில் படாத வெளிச்சத்தில், வெள்ளைத் தாள் மேல் மெதுவாகக் கொட்டிப் பாருங்கள். ஒரு மணியும் இல்லையென்றால் சரி. இருந்தால் பையும் ஜாடிகளோடு கழிவில் சேரும்.

இனி, நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம். துடைத்த அந்தப் பெண்.

பேரக்குழந்தைகளைப் பற்றிக் கேட்டீர்கள், அவளைப் பற்றிக் கேட்கவில்லை. குறையாகச் சொல்லவில்லை அம்மா, எல்லா வீட்டிலும் அப்படித்தான். அவளைக் கூப்பிட்டு நிதானமாகச் சில விஷயம் கேளுங்கள். அந்தத் துணி எங்கே? அதே துணியால் பிறகு எதையாவது துடைத்தாளா? அன்றைக்கு உடுத்தியிருந்த புடவையிலும் செருப்பிலும் மணி ஏதாவது ஒட்டியதா? அவள் கர்ப்பமாக இருக்கிறாளா, வீட்டில் கைக்குழந்தை உண்டா? துணி கிடைத்தால் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அதை இன்னொரு பையில் போடுங்கள். துவைத்து மறுபடி பயன்படுத்த வேண்டாம். வாஷிங் மெஷினில் போட்டால் மெஷினே பாழ். புடவையில் மணி ஒட்டியிருந்தால் அதையும் வாங்கிக் கட்டி வைத்துவிட்டு, அவளுக்குப் புதிதாக ஒன்று எடுத்துக் கொடுங்கள். ஒரு முறை துடைத்ததால் அவளுக்குப் பெரிதாக எதுவும் வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு, அதையும் சொல்லிவிடுங்கள். அநாவசியமாகப் பயந்து நாலு நாள் தூங்காமல் இருக்க வேண்டாம். நிறைய ஆவியை ஒரே நேரத்தில் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரத்தில் இருமல், மூச்சுமுட்டல், காய்ச்சல், வாயில் உலோகச் சுவை வரும். நெடுநாள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுக்கம், ஈறு வீக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், சிறுநீரகக் கோளாறு. அவளுக்கோ உங்களுக்கோ இவற்றில் ஏதாவது தோன்றினால் டாக்டரிடம் பாதரசம் என்ற விஷயத்தை வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாது. இந்த வகைப் பாதரசத்துக்குப் பார்க்க வேண்டியது சிறுநீர்ப் பரிசோதனை. தில்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. எந்த நேரமும் கேட்கலாம்.

வாஷ்பேசினுக்கு வருவோம். அலசிய பாதரசம் கடலுக்குப் போய்ச் சேர்ந்துவிடவில்லை. கனத்தால் அது பேசினுக்குக் கீழே உள்ள வளைவில், பாட்டில் டிராப்பின் அடியில் உட்கார்ந்திருக்கும். இது நல்ல செய்தி, எடுத்துவிடலாம். அந்தக் குழாயை இனி பயன்படுத்தாதீர்கள், முக்கியமாக வெந்நீரோ ஆசிட்டோ ஊற்றாதீர்கள். பிளம்பரை வரவழைத்து, விஷயத்தைச் சொல்லி, கீழே ஒரு பிளாஸ்டிக் டப்பை வைத்துவிட்டு டிராப்பைக் கழற்றச் சொல்லுங்கள். தண்ணீரோடு, வண்டலோடு, டிராப்போடு எல்லாம் ஒரு மூடி போட்ட பக்கெட்டுக்குள் போகட்டும். புது டிராப்பின் விலை பெரிய விஷயமில்லை. சாக்கடைக்குப் போய்விட்டால்தான் கதை வேறு. சேற்றில் உள்ள பாக்டீரியா அதை மீதைல் பாதரசம் என்ற இன்னும் கொடிய வகையாக மாற்றும், அது மீனில் ஏறும், சின்ன மீனைத் தின்னும் பெரிய மீனில் இன்னும் கூடும். ஜப்பானில் மினமாட்டா ஊரில் 1956-ல் வெளிப்பட்ட நோய் ஒரு ரசாயன ஆலையின் கழிவு மீன் வழியாக வந்ததுதான். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கும் என்று நம் பக்கத்தில் சுறாப் புட்டு செய்து கொடுக்கிறோம். மீதைல் பாதரசம் அதிகம் சேருகிற மீன்களில் சுறாவும் ஒன்று என்பதை இந்தச் சாக்கில் சொல்லி வைக்கிறேன். பால் சுறாவுக்குப் பதில் சின்ன மீனைக் கொடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

கிளினிக்குக்கு நீங்களே போய் மெஷின்களைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், மோதிரம், வளையல், சங்கிலி எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். பழைய செருப்பு, கையுறை. ஜன்னல், கதவு எல்லாம் திறந்து வைத்து அரை மணி நேரம் கழித்து உள்ளே போங்கள். ஃபேன் போடாதீர்கள். கசியாத நாலு மெஷினிலும் கீழே பாதரசக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு திருப்பி (திறந்து மூடும் வால்வு) இருக்கும். பெட்டியைக் கிண்ணம் இருக்கும் பக்கமாக மெதுவாகச் சாய்த்து, குழாயில் உள்ளது முழுக்க இறங்கியதும் திருப்பியை மூடிவிட்டு, அதன் பிறகே மூடியை மடக்க வேண்டும். உங்கள் கணவர் தினமும் இதைச் செய்திருப்பார், நீங்கள் பார்த்தும் இருப்பீர்கள். மூடியதை ஒவ்வொன்றாகக் கெட்டி பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுங்கள். கசிகிற ஐந்தாவதைச் சாய்க்கவே வேண்டாம். நின்றபடியே தூக்கி, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் இறக்கிவிடுங்கள். அதில் பெரும்பாலும் குழாயின் உச்சியில் இருக்கும் தோல் வாஷர் மக்கியிருக்கும், மணிகள் அங்கிருந்துதான் வந்திருக்கும். சரி செய்யலாமா என்று கேட்காதீர்கள்.

வெளியே சிதறிய மணிகளுக்குத் துடைப்பம் வேண்டாம், வேக்குவம் கிளீனர் அறவே வேண்டாம். துடைப்பம் ஒரு மணியை நூறாக உடைக்கும், வேக்குவம் அதைச் சூடாக்கி அறை முழுக்க ஊதும். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை இரண்டு போதும். ஒன்றால் இன்னொன்றுக்குள் தள்ளிச் சேர்த்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, தண்ணீர் உள்ள ஜாடியில் விட வேண்டியதுதான். கிளினிக்கில் சிரிஞ்சுக்கா பஞ்சம்? விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்தால் கண்ணுக்குத் தப்பியவை மின்னும். அவற்றை அகல டேப்பின் பசைப் பக்கத்தால் ஒற்றி எடுங்கள். இடுக்கில் போனவற்றின் மேல் கந்தகப் பொடி தூவலாம், மாட்டுங்காவில் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். பாதரசம் கந்தகத்தோடு சேர்ந்து ஆவியாகாத பொருளாக மாறும். ஆனால் அது மெதுவாக நடக்கிற வேலை, மேலாகத் தூவிவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். உடைந்த தெர்மாமீட்டர் கிடந்த மர டிராயரைக் கழுவிக் காப்பாற்ற முடியாது, மரத்தின் இடுக்கில் மணி தங்கிவிடும். டிராயரோடு பிளாஸ்டிக் சுற்றிக் கழிவில் சேர்த்துவிடுங்கள்.

அலமாரியைக் காலி செய்யும்போது கண்ணில் வேறு சிலதும் படலாம். நாற்பது வருட கிளினிக் என்றால் பழைய சிவப்பு மருந்து மெர்க்குரோகுரோம், சுவரில் காற்றழுத்தமானி, அறையைச் சுத்திகரிக்கும் புற ஊதா விளக்கு, பழைய காது மெஷின் பட்டன் பேட்டரி எல்லாம் இருக்க வாய்ப்புண்டு. எல்லாவற்றிலும் பாதரசம் இருந்திருக்கிறது. ட்யூப்லைட்டில் மில்லிகிராம் கணக்குத்தான். விளக்குகளை உடைக்காமல் அட்டை உறையோடு, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சிக்காரரிடம் கொடுக்கலாம். மின்கழிவு விதிகளில் பாதரச விளக்குகளும் சேர்த்தி.

சரி, எங்கே கொடுப்பது? இங்கேதான் பலர் சோர்ந்துபோய்க் குப்பைத்தொட்டியைத் தேடுகிறார்கள்.

முதலில், எங்கே கொடுக்கக் கூடாது என்பது. கிளினிக்கில் மஞ்சள் பை இருந்திருக்கும், தினமும் வண்டி வந்து எடுத்துப் போயிருக்கும். அதில் இதைப் போட்டுவிடாதீர்கள். மஞ்சள் பை எரிக்கப்படுவது. பாதரசத்தை எரிக்க முடியாது, புகைபோக்கி வழியாக முழுக்க ஊர்மேல் போகும். பாதரசம் அபாயகரக் கழிவு விதிகளின்கீழ் வருவது, அதற்குத் தனி வழி.

உங்கள் கணவரின் ஃபைலில் மருத்துவக் கழிவுக்காக மகாராஷ்டிர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த அனுமதிக் கடிதம் ஒன்று இருக்க வேண்டும். அதைத் தேடி எடுங்கள். வாரியத்தின் அலுவலகம் சயான் சர்க்கிளில், உங்கள் இடத்திலிருந்து ரொம்பத் தூரமில்லை. கிளினிக் மூடப்படுகிறது, இன்னின்ன பாதரசச் சாதனங்கள் இவ்வளவு எடையில் இருக்கின்றன, அங்கீகாரம் பெற்ற இடத்தில் ஒப்படைக்க வழி சொல்லுங்கள் என்று ஒரு கடிதம் எழுதி, அனுமதியின் நகலை இணைத்து, நேரில் கொடுத்து முத்திரை வாங்கி வையுங்கள். மின்னஞ்சலும் அனுப்புங்கள், ஆனால் முத்திரை போட்ட தாளுக்கு இன்னும் மரியாதை இருக்கிறது. மும்பைப் பகுதிக்கான அபாயகரக் கழிவு மையம் தளோஜா எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் இருக்கிறது. அது தனி ஆள் டாக்ஸியில் கொண்டுபோய் வாசலில் இறக்கிவிட்டு வருகிற இடமல்ல. அனுமதி பெற்ற வண்டி வந்து எடுக்க வேண்டும், படிவம் 10 என்ற அனுப்புகைச் சீட்டு கூடவே போக வேண்டும். அந்தச் சீட்டின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளாமல் ஒரு பொருளையும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள். 2016 அபாயகரக் கழிவு விதிப்படி இப்படிப்பட்ட கழிவைச் சேர்த்து வைக்க 90 நாள் அவகாசம் உண்டு. உங்கள் வீட்டுக்காரரின் மாதக் கடைசிக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை!

ஒரு சின்ன கிளினிக்குக்காக வண்டி அனுப்ப அவர்கள் தயங்கலாம், கட்டணமும் கேட்பார்கள். அப்படியானால் இன்னொரு வழி. உங்கள் கணவர் விசிட்டிங் டாக்டராகப் போய்வந்த பெரிய மருத்துவமனை ஏதாவது இருக்கும். அங்கே கழிவு மேலாண்மைக்கென்று ஒருவர் இருப்பார், அவர்களிடம் ஏற்கெனவே இதே கழிவு சேர்ந்து கிடக்கும், தளோஜாவோடு ஒப்பந்தமும் இருக்கும். அவர்களுடைய அடுத்த வண்டியில் உங்களுடையதையும் சேர்த்து அனுப்ப முடியுமா என்று வாரியத்துக்குத் தெரிவித்துவிட்டே கேளுங்கள். என் அனுபவத்தில் பழைய சக டாக்டரின் வீட்டிலிருந்து வருகிற வேண்டுகோளை அவர்கள் தட்டுவது அரிது.

வீட்டில் உடைந்த ஒரு தெர்மாமீட்டருக்கு இவ்வளவு அலைச்சல் வேண்டியதில்லை என்பதையும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். 2016 திடக்கழிவு விதிகள் அதை வீட்டு அபாயகரக் கழிவு என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டன. அதைத் தனியாக வாங்கிக்கொள்ள இடம் ஏற்படுத்துவது மாநகராட்சியின் பொறுப்பு. உங்கள் வார்டு அலுவலகத்தில் திடக்கழிவுப் பிரிவில் கேளுங்கள். சொசைட்டி செக்ரட்டரி கேட்டால் பதில் சீக்கிரம் வரும். அம்மா, உங்களுடையது அரைக் கிலோவுக்கும் மேல், கிளினிக்கிலிருந்து வந்தது. அதை வீட்டுக் கழிவு என்று சொல்லி நுழைக்கப் பார்க்காதீர்கள்.

கொழுந்தனார் சொன்ன இரண்டு யோசனையும் நல்ல மனதோடு சொன்னவை, ஆனால் இரண்டுமே வேண்டாம். பாதரச மெஷின் துல்லியமானது, அதைப் பார்த்துப் பழகிய டாக்டர்களுக்கு வேறெதிலும் நம்பிக்கை வராது, அதில் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் பாதரச தெர்மாமீட்டரையும் பி.பி. மெஷினையும் செய்வதையும் இறக்குமதி செய்வதையும் நிறுத்துவதென்று மினமாட்டா ஒப்பந்தத்தில் உலக நாடுகள் முடிவு செய்து, அது 2017-ல் நடைமுறைக்கு வந்தது. 2018-ல் இந்தியாவும் சேர்ந்தது, சில பொருள்களுக்கு 2025 வரை அவகாசம் வாங்கிக்கொண்டு. மும்பையே வேண்டாம் என்று ஒதுக்குவதை, கசிந்தால் துடைக்கக் கையுறை இல்லாத ஒரு கிராமத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது தானமாகாது. தர்மம் செய்ய விருப்பமென்றால் நல்ல டிஜிட்டல் மெஷின் இரண்டு வாங்கி அனுப்புங்கள். கொண்டுபோவதும் நடக்கிற காரியமல்ல. விமானத்தில் பாதரசம் அனுமதியில்லை, விமானத்தின் உடல் அலுமினியம் என்பதுதான் காரணம். நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்று யாராவது சொன்னால், ஒன்றரை நாள் அந்தப் பெட்டியில் எத்தனை குழந்தைகள் படுத்து வருவார்கள் என்று கேளுங்கள்.

ரசலிங்கத்தைப் பற்றி என்னைத் திட்டிக் கடிதம் வரும், பரவாயில்லை. வெள்ளியோ ஈயமோ சேர்த்துக் கட்டியாக்கினாலும் அதிலுள்ள பாதரசம் மெல்ல மெல்ல ஆவியாக வெளியேறும். செய்யும்போது சூடுகாட்டினால் இன்னும் மோசம், செய்கிறவர்தான் முதலில் பாதிக்கப்படுவார். அவருடைய பக்தியை நான் குறை சொல்லவில்லை. பாட்டிலை மட்டும் கொடுக்காதீர்கள்.

டியூஷன் சென்டர்க்காரரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சொன்னால் இடம் கைமாறாது என்று வீட்டுக்காரர் தடுக்கலாம். நாளெல்லாம் குழந்தைகள் தரையில் பாய் விரித்து உட்காரப்போகிற அறை, இதில் நான் விட்டுக்கொடுக்கச் சொல்ல மாட்டேன். சுத்தம் செய்து, ஜன்னல் திறந்து சில நாள் காற்றாட விட்டபின், பாதரச ஆவி அளக்கும் கருவி வைத்திருக்கிற தொழிற்சுகாதார ஆய்வகம் ஒன்றை வரவழைத்துத் தரை மட்டத்தில் அளந்து ரிப்போர்ட் வாங்குங்கள். செலவை வீட்டுக்காரரோடு பகிர்ந்துகொள்ளக் கேளுங்கள். அளவு கூடுதலாக இருந்தால் பெரும்பாலும் மெஷின் இருந்த மேஜைக்குக் கீழே டைல் இடுக்கில்தான் இருக்கும். அந்த நாலு டைலைப் பெயர்த்து எடுத்தால் தீர்ந்துவிடும், பெயர்த்ததும் கழிவோடு போக வேண்டும்.

முதல் பி.பி. மெஷின்: அது கசியாத நாலில் ஒன்றாக இருந்தால், கையில் கட்டும் துணிப்பட்டையையும் அழுத்தும் ரப்பர் உருண்டையையும் குழாயோடு கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பாதரசம் ஏறியிருக்காது. மூடியில் பெயர்த் தகடு திருகு போட்டு இருந்தால் அதையும். கண்ணாடிக் குழாயும் கிண்ணமும் பெட்டியும் போகட்டும். பாதரசத்தை மட்டும் வடித்துவிட்டுப் பெட்டியை வைத்துக்கொள்கிறேன் என்று நீங்களாக இறங்க வேண்டாம், வடித்த பிறகும் கிண்ணத்தில் ஒட்டியது இருக்கும்.

கடைசியாக மோதிரம். வெளுத்த இடத்தில் பாதரசம் தங்கத்தோடு கலந்திருக்கிறது. தேய்த்தால் போகாது, போட்டுக்கொள்ளவும் வேண்டாம். சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வையுங்கள். தட்டான் அதை ஊதுகுழலில் காட்டினால் பழைய நிறம் வந்துவிடும், ஆனால் அதிலிருந்த பாதரசம் அவர் மூச்சில் போயிருக்கும். புகையை வெளியே இழுக்கும் கூண்டு உள்ள பட்டறையாகப் பார்த்துக் கொடுங்கள், பாதரசம் பட்டது என்று சொல்லியே கொடுங்கள். இதெல்லாம் நாங்கள் தினமும் பார்ப்பதுதான் என்று அவர் சொல்வார். அப்படிச் சொல்கிறவரிடம் கொடுக்காமல் வேறு பட்டறையைத் தேடுங்கள்.